மஞ்சள் பூவும் அந்துப்பூச்சியும்

மரியா சிபில்லா மெரியன் 1647ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்த அவருக்கு, மலர் ஓவியரான மாற்றாந்தந்தை ஓவியம் கற்பித்தார். பூச்சிகள் சேற்றிலும் அழுகிய பொருள்களிலும் தாமாகவே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. பதின்மூன்றாம் வயதில் பட்டுப்புழு வளர்த்த மரியா, முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, இறுதியில் அந்துப்பூச்சியாக வெளிவருவதைக் கண்ணாரக் கண்டார்.

பின்னர்ப் பல வகைப் புழுக்களைத் திரட்டி, அவை உண்ணும் செடிகளையும் ஆராய்ந்தார். 1679இல் வெளியான அவருடைய நூலில், டான்டிலியன் என்னும் மஞ்சள் நிறக் காட்டுப்பூவும் அச்செடியை உண்ணும் புழுவும் அப்புழுவிலிருந்து தோன்றும் அந்துப்பூச்சியும் ஒரே ஓவியத்தில் இடம்பெற்றன. பூச்சியை அதன் செடியோடு சேர்த்துக் காட்டியது அக்காலத்தில் புதுமையாகும்.

1699இல், தம் 52ஆம் வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள் திரட்டி, இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். நோயுற்றதால் இரண்டே ஆண்டுகளில் திரும்ப நேர்ந்தது. ஆயினும் மனந்தளராது உழைத்து, 1705இல் சுரினாம் பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1717இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார். பிறர் அருவருத்து ஒதுக்கிய புழுவைப் பொறுமையுடன் நோக்கிய அவர், இன்று பூச்சியியலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.