சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்

நம் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது 1937இல். அதற்கு முன் அது சென்னை எஸ்பிளனேடில், உயர்நீதிமன்றத்தின் எதிர்ப்புறம் இருந்தது. நெல்லூர் மாவட்டத்துப் புதூர் என்னும் சிற்றூரில், கோயில் அருச்சகர் ஒருவரின் மகனாய் 1883இல் தோன்றிய அல்லாடி கிருஷ்ணசாமி, 1899இல் மெட்ரிகுலேஷன் தேறி, அங்கே சரித்திரம் பயில வந்தார். ஓய்வு நேரத்தில் சட்ட வகுப்பிற்கும் சென்றார். வீதியைக் கடந்தால் நீதிமன்றம். அவர் வாழ்வும் அவ்வாறே கடந்தது எனலாம்.

1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். 1932இல் ‘சர்’ பட்டம். இவற்றை விரித்துரைத்தல் வேண்டா. அவர் பெயரை நிலைநிறுத்தியது முதுமையில் ஆற்றிய பணியே. 1947 ஆகஸ்ட் 29இல் அரசியல் நிர்ணய சபை நியமித்த எழுவர் வரைவுக் குழுவில் அவரும் ஒருவர். தம்மினும் தகுதி மிக்கோர் அக்குழுவில் உளர் என்று தலைவர் அம்பேத்கர் சபையில் உரைத்தபோது எடுத்துக்காட்டியது அல்லாடியின் பெயரையே.

யார்க்கு வாக்குரிமை என்பது புதிய நாடுகள் யாவும் எதிர்கொண்ட வினா. ஸ்பெயினின் ஆட்சியை உதறிய வெனிசுவேலா, 1811இல் இயற்றிய தன் முதல் அரசியலமைப்பில் அதனைச் சொத்துடையோர்க்கே அளித்தது. நம் நாட்டிலோ, 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. இந்நிலையை அறிந்தே, வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் சபை வாக்குரிமை ஈந்தது. சாமானியன்பால் கொண்ட நம்பிக்கையே இதற்கு அடிப்படை என்று 1949 நவம்பரில் அல்லாடி சபையில் எடுத்துரைத்தார்.

அந்நம்பிக்கையே மற்றோரிடத்தில் அவரை வேறு வழியிற் செலுத்தியது. ஒருவனைச் சிறையிடும் சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயலாமா? அமெரிக்க நீதிபதிகள் அவ்வதிகாரத்தால் தொழிலாளர் நலச் சட்டங்களை வீழ்த்தியதை அல்லாடி அறிவார். மக்கள் தேர்ந்த சட்டசபையை நீதிபதிகள் சிலர் தடுத்தல் தகாதென்று அவர் கருதினார். ஆகவே 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த முறை என்ற அளவில் நின்றது. 1950இல், சென்னை இராச்சியத்துச் சிறையில் விசாரணையின்றி வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலனின் வழக்கில், சட்டம் ஒன்று இருத்தலே போதுமென்று உச்சநீதிமன்றத்துப் பெரும்பான்மையோர் தீர்த்தனர். அம்முறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டுமென்று மேனகா காந்தி வழக்கில் அந்நீதிமன்றம் உரைக்க 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்விடத்தில் அல்லாடியின் கணிப்புப் பிழைபட்டதென்றே யான் எண்ணுகிறேன். ஆயினும் அது மக்களை நம்பாமையால் விளைந்த பிழையன்று.

17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராய்ப் பதிவாகிய முதற் பொதுத்தேர்தல் 1952இல் நிறைவுற்றது. அதனைக் கண்டபின், 1953 அக்டோபர் 3ஆம் நாள் அவர் மறைந்தார்.