கேட்டவுடன் கப்பலைத் திருப்பியவர்

கப்பல் தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரன் 1869-ல் இங்கிலாந்தின் போல்ட்டன் பகுதியில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் கடற்பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். 1895-ல் கூனார்டு கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து, 1912 ஜனவரியில் 'கார்பேதியா' என்னும் பயணிக் கப்பலின் காப்டனானார்.

அவ்வாண்டு ஏப்ரல் 11-ந் தேதி நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டார். குறித்த துறைமுகங்களுக்குக் குறித்தபடி போய்ச் சேருவதே அவருடைய வேலை. 15-ந் தேதி, நள்ளிரவு கடந்த நேரம். கம்பியில்லாத் தந்தி ஊழியர் ஹெரால்டு காட்டம் கதவைத் தட்டாமலே காப்டன் அறைக்குள் ஓடி வந்தார். அது ஒழுங்குக் குறைவு. ஆனால் டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய சேதியைக் கேட்டதும் ராஸ்ட்ரன் அதைப் பொருட்படுத்தவில்லை. முதலில் கப்பலைத் திருப்ப உத்தரவிட்டார். பிறகே சேதி நிச்சயந்தானா என்று விசாரித்தார்.

போக வேண்டிய தூரம் 58 மைல். அறைகளைச் சூடாக்கும் நீராவியை நிறுத்தி இயந்திரங்களுக்குத் திருப்பிவிட்டார். வழியெங்கும் பனிப்பாறைகள், தம் கப்பலிலோ நூற்றுக்கணக்கான பயணிகள். ஆகவே கண்காணிப்புக்குக் கூடுதல் ஆட்களை நிறுத்தினார். டாக்டர்கள், கம்பளிகள், சூடான சூப் அனைத்தும் தயாராயின. அதிகாலை 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது டைட்டானிக் மூழ்கிவிட்டிருந்தது. படகுகளில் தவித்த 700-க்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு, தம் பயணத்தை விட்டு நியூயார்க்குக்கே திரும்பினார்.

1926-ல் 'சர்' பட்டம் பெற்று, 1931-ல் ஓய்வு பெற்ற ராஸ்ட்ரன், 1940-ல் காலமானார். மேலிடத்து அனுமதிக்காக அன்றிரவு அவர் காத்திருந்தால், அந்தப் படகுகளில் குளிருக்குப் பலியானோர் எத்தனை பேரோ!