இதயத்தைப் படம் வரைய வைத்தவர்

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? கை, கால், மார்பில் ஒயர்களைப் பொருத்துவார்கள். கட்டம் போட்ட காகிதத்தில் மேலும் கீழுமாக ஒரு கோடு ஓடும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன் இதற்கு 270 கிலோ எடையுள்ள இயந்திரமும் ஐந்து ஆட்களும் தேவைப்பட்டனர்! அந்த இயந்திரத்தை உருவாக்கியவர் வில்லெம் எய்ந்தோவன்.

இவர் 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி ஜாவா தீவில் செமராங் நகரில் பிறந்தார். இன்றைய இந்தோனேசியாவை அப்போது டச்சுக்காரர்கள் ஆண்டு வந்தார்கள். டாக்டராக இருந்த அப்பா, வில்லெமின் ஆறாவது வயதில் இறந்துபோனார். ஆறு குழந்தைகளோடு அம்மா 1870-இல் ஹாலந்துக்குத் திரும்பி, உத்ரெக்ட் நகரில் குடியேறினார்.

அங்கே வில்லெம் மருத்துவம் படித்தார். படகு ஓட்டுவதிலும் வாள்வீச்சிலும் அவருக்கு ஆர்வம் அதிகம். ஒருமுறை கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மற்றவராக இருந்தால் வலியில் முனகியிருப்பார். இவரோ முழங்கை மூட்டு எப்படி அசைகிறது என்று ஆராயத் தொடங்கிவிட்டார்! 25 வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

நம் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதன் மேற்பகுதியில் மிகச் சிறிய மின்சாரம் தோன்றிக் கீழ்நோக்கிப் பரவும். அதனால்தான் இதயத் தசைகள் சுருங்குகின்றன. அந்த மின்சாரம் தோல் வரைக்கும் வருகிறது. ஆனால் எவ்வளவு? ஒரு வோல்ட்டில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். டார்ச் லைட் செல்லில் இருப்பதோ ஒன்றரை வோல்ட்!

லண்டனில் ஆகஸ்டஸ் வாலர் என்பவர் 1887-இல் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஜிம்மி என்ற தன் செல்ல நாயின் பாதங்களை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்தும் செய்து காட்டினார். அவரது கருவியில் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்கும். பாதரசமோ மந்தம், இதயத்தின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இது பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நம்பவில்லை.

எய்ந்தோவன் விடவில்லை. கருவியின் பிழையைக் கணக்குப் போட்டுத் திருத்தி, உண்மையான கோடு எப்படி இருக்கும் என்று 1895-இல் வரைந்தார். அதன் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். டாக்டர்கள் இன்றும் அதே பெயர்களைத்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு துடிப்புக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? புதிய கருவி வேண்டும். குவார்ட்ஸ் கல்லை உருக்கி அம்பின் நுனியில் ஒட்டி எய்தால், பின்னால் மெல்லிய இழை நீளும். அதன் பருமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். அந்த இழைக்கு வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். இதயத்தின் மின்சாரம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அந்த அசைவின் நிழலைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் கண்ணாடித் தகட்டில் புகைப்படமாகப் பிடித்தார். இந்தக் கருவியைப் பற்றி 1901-இல் உலகுக்கு அறிவித்தார்.

இப்போது வேறொரு சிக்கல். இவ்வளவு கனமான இயந்திரத்தை நோயாளியிடம் கொண்டுபோக முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவரை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வரவும் முடியாது. எய்ந்தோவன் என்ன செய்தார் தெரியுமா? 1905-இல் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே டெலிபோன் கம்பியை இணைத்தார். அங்கே நோயாளி உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் கையையும் காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இங்கே இழை ஆடியது! எந்தக் கோளாறுக்குக் கோடு எப்படி மாறுகிறது என்று பிரித்தறிய இது பெரிதும் உதவியது.

1924-இல் எய்ந்தோவனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். இயந்திரத்தை உருவாக்க உதவிய பழைய உதவியாளருக்குப் பரிசுப் பணத்தில் பாதியைக் கொடுக்க அவர் தேடியதாகச் சொல்வார்கள். உதவியாளர் உயிருடன் இல்லை. ஏழ்மையில் வாழ்ந்த அவருடைய இரண்டு சகோதரிகளைக் கண்டுபிடித்து, பணத்தை அவர்களிடம் சேர்த்தாராம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1927-இல் லெய்டன் நகரில் எய்ந்தோவன் காலமானார்.