மாத்திரைப் பணத்தில் எழுந்த மகளிர் கல்லூரி

இலண்டன் மாநகருக்கு மேற்கே சுமார் 20 மைல் தொலைவில் எகாம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு குன்றின்மேல், செங்கல்லாலும் வெண்கல்லாலும் கட்டப்பட்ட அரண்மனை போன்ற கட்டடம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. அதுவே ராயல் ஹாலோவே கல்லூரி. பெண்கள் உயர்கல்வி பெற வேண்டும் என்பதற்காகவே எழுப்பப்பட்ட அக்கல்லூரியை 1886 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் திறந்து வைத்தார். அதைக் கட்டியவர் பிரபு குலத்தவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பயின்றவரும் அல்லர். மாத்திரையும் களிம்பும் விற்றுப் பொருள் சேர்த்தவர். தாமஸ் ஹாலோவே என்னும் அம்மனிதரின் வாழ்வில் நாம் போற்ற வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியதும் உண்டு.

ஹாலோவே 1800 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்தார். பிற்பாடு குடும்பம் பென்சான்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் காலமான பின், தாயாருடன் சேர்ந்து அங்கே ரொட்டிக் கடையும் மளிகையும் நடத்தினார். பிறகு பிரான்சு நாடு சென்று சில ஆண்டுகள் தங்கி அம்மொழியைக் கற்றார். இலண்டன் திரும்பியதும் வெளிநாட்டு வணிகர்களுக்கு முகவராகத் தொழில் தொடங்கினார்.

அப்போது இத்தாலியரான அல்பினோலோ என்பவர் தாம் செய்த களிம்பை விற்பதற்கு அவருடைய உதவியை நாடினார். களிம்பு வியாபாரத்தில் எவ்வளவு இலாபம் என்பதை ஹாலோவே கண்டுகொண்டார். 1837 ஆம் ஆண்டு தம் பெயரிலேயே ஒரு களிம்பை வெளியிட்டார். தாயாரின் சமையற்கட்டுப் பாத்திரத்தில்தான் முதலில் அதைக் காய்ச்சினார் என்று சொல்வதுண்டு. சிறிது காலத்தில் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆனால் பத்திரிகை விளம்பரங்களுக்குப் பட்ட கடனை அடைக்க முடியாமல் கடனாளிகள் சிறைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கிருந்து மீண்டு வந்தவர், பிற்காலத்தில் தம் கடன்காரர்களுக்கு முழுத் தொகையையும் அதற்கு மேல் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தார் என்பதை அவருக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும்.

1840 இல் ஜேன் என்னும் நங்கையை மணந்தார். கப்பல் கட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் அவர். கணவனும் மனைவியும் ஸ்ட்ராண்ட் வீதிக் கடையில் விடியற்காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை உழைத்தனர். துறைமுகத்துக்குச் சென்று, வெளிநாடு புறப்படும் கப்பல்களில் தம் மருந்தை ஏற்றி அனுப்ப ஹாலோவே ஏற்பாடு செய்வார். 1842 இல் விளம்பரத்துக்கு அவர் செலவிட்டது 5,000 பவுன். அவர் இறந்த 1883 இல் அது 50,000 பவுனாகப் பெருகியிருந்தது. சீனம், அரபி, துருக்கி மொழிகளிலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் அவருடைய மருந்துக் குறிப்புகள் அச்சாயின. மருந்தின் புகழைக் கண்டு, உடன்பிறந்த தம்பி ஹென்றியே அதே பெயரில் போட்டிக் கடை திறந்தார். அண்ணன் 1850 இல் நீதிமன்றம் சென்று அதைத் தடுத்தார்.

இந்த மருந்துகள் எந்த நோய்க்கு? எல்லா நோய்க்கும் என்பதே விளம்பரத்தின் விடை! ஆஸ்துமா, காய்ச்சல், கீல்வாதம், மஞ்சட்காமாலை, பெண்களுக்கு வரும் உபாதைகள், நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு எனப் பட்டியல் நீண்டது. எக்காரணத்தால் வந்த பலவீனமானாலும் தீரும் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. மாத்திரையில் இருந்த முக்கிய சரக்கோ நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மூசாம்பரம், அதாவது கற்றாழைச் சாற்றை உலர்த்திய பொருள். அது பேதி மருந்து. களிம்பில் இருந்தவை பெரும்பாலும் மெழுகும் கொழுப்பும்தான்.

அப்படியானால் மக்கள் ஏன் வாங்கினார்கள்? காரணங்கள் சில உண்டு. அன்று மருத்துவர் கட்டணம் ஏழைகளுக்கு எட்டாதது. மலச்சிக்கல் நீங்கினால் உடம்பு இலேசானதுபோல் தோன்றும். பல நோய்கள் தாமாகவே சில நாளில் குணமாகிவிடும். புகழோ மாத்திரைக்குப் போய்ச் சேரும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வேடிக்கையும் இருந்தது. 1783 ஆம் ஆண்டு முதல் இத்தகைய மருந்துகள் மீது அரசாங்கம் வரி வசூலித்து வந்தது. ஒரு ஷில்லிங் விலையுள்ள பெட்டிக்கு ஒன்றரைப் பென்னி வரி. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டப்படும். அதைக் கண்ட பாமர மக்கள், அரசாங்கமே மருந்துக்கு நற்சான்று கொடுத்துவிட்டது என்று நம்பினர்!

இரவு பகலாகத் தையல் வேலை செய்து, அரைவயிறு உண்டு, தலைசுற்றலும் படபடப்பும் கொண்ட ஓர் ஏழைப் பெண்ணை நாம் எண்ணிப் பார்ப்போம். அவளுக்குத் தேவை நல்ல உணவும் ஓய்வும். அவளோ தன் கூலியிலிருந்து ஒரு ஷில்லிங்கும் சில்லறையும் எடுத்துப் பேதி மாத்திரை வாங்குவாள். காசநோயாளி ஒருவன் மருத்துவரைத் தேடாமல் களிம்பைத் தடவிக்கொண்டு காலம் கடத்துவான். மருந்து பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். அதை நம்பிக் காத்திருந்ததே தீங்காக முடியும்.

செல்வம் மலைபோல் குவிந்தது. ஆனால் ஹாலோவே தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை. இச்செல்வத்தை என்ன செய்வது என்ற கேள்வி முதுமையில் எழுந்தது. மனநலம் குன்றிய நடுத்தரக் குடும்பத்தினருக்கு ஒரு மருத்துவமனை தேவை என்று ஷாப்ட்ஸ்பரி பிரபு பேசியது அவர் உள்ளத்தைத் தொட்டது. வர்ஜினியா வாட்டர் என்னும் இடத்தில் சுமார் 3 லட்சம் பவுன் செலவில் மருத்துவமனை எழுந்தது. 1885 இல் அது திறக்கப்பட்டது. நரம்பையும் மனத்தையும் தேற்றுவதாகக் கூறி மாத்திரை விற்றவர், அந்நோய்களுக்கு மருத்துவரும் தாதியரும் தோட்டமும் அமைதியும் வேண்டும் என்பதை இச்செயலால் தாமே ஒப்புக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அடுத்தது கல்லூரி. பெண்களுக்காக ஒன்று செய்யுங்கள் என்பது ஜேன் அம்மையாரின் விருப்பம். அவர் 1875 இல் காலமானார். அவர் நினைவாகவே 1879 இல் கட்டட வேலை தொடங்கியது.

அக்காலத்தின் மனநிலையையும் நாம் அறிய வேண்டும். 1874 இல் ஹென்றி மாட்ஸ்லி என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர், பெண்கள் ஆண்களைப்போல் கடுமையாகப் படித்தால் அவர்களுடைய நரம்பும் உடல்நலமும் கெடும் என்று எழுதினார். படித்தவர் பலர் அதை நம்பினர். இங்கிலாந்தில் மருத்துவராகத் தகுதி பெற்ற முன்னோடிப் பெண்மணி எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். பெண்களை வாட்டுவது படிப்பு அன்று, செய்வதற்கு ஒன்றுமில்லாத வெறுமையே என்பது அவர் கருத்து.

இந்த வாதத்துக்கு எகாம் கல்லூரி செயலால் விடை சொன்னது. கட்டடம், ஓவியங்கள், மூலதனம் எல்லாம் சேர்ந்து 6 லட்சம் பவுனுக்கு மேல் ஆயிற்று. 77 ஓவியங்களை ஹாலோவே வாங்கிச் சேர்த்தார். முதலில் வந்த மாணவியர் 28 பேர். படுக்க ஒன்று, படிக்க ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரண்டு அறைகள்! கணிதமும் விஞ்ஞானமும் பயின்றனர், நோயில் விழவில்லை, பட்டம் பெற்றனர். 1900 இல் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று.

பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி 1913 இல் உயிர் நீத்த எமிலி டேவிசன் அங்கே பயின்றவர். தந்தையார் இறந்ததால் கட்டணம் செலுத்த முடியாமல் 1893 இல் படிப்பை இடையில் விட்டுச் சென்றார். ஏழைகளின் சில்லறையால் எழுந்த கல்லூரியில், பணமில்லாத பெண்ணுக்கு இடம் நிலைக்கவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது.

தம் கல்லூரியின் திறப்பு விழாவைக் காண ஹாலோவேக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1883 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலமானார். கல்லூரி முற்றத்தில் அவரும் மனைவியும் இன்றும் சிலையாக நிற்கின்றனர். மாத்திரைத் தொழில் 1930 இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், நாளடைவில் மறைந்தது. கல்லூரியோ 1965 முதல் ஆண்களையும் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொண்டு வளர்ந்து வருகிறது.

மாணவியர்க்கு ஒரு சுவையான செய்தி. அங்குள்ள ஓவியங்களுள் ஒன்று, வடதுருவப் பனியில் அழிந்த கப்பலின் எச்சங்களை இரு கரடிகள் கிழிப்பதைக் காட்டுவது. அதன் எதிரே அமர்ந்து தேர்வு எழுதினால் தோல்வி நிச்சயம் என்று மாணவர்கள் பயந்தனராம்! 1970களிலிருந்து தேர்வு நாட்களில் அதைக் கொடியால் மூடி வைப்பது வழக்கமாயிற்று. கற்றவர் மனத்திலும் மருட்சிக்கு இடமிருக்கிறது. ஹாலோவே மாத்திரை விற்றதும் அந்த மருட்சியை நம்பித்தானே?

நல்ல கொடை, தீய வழியில் வந்த பணத்தைத் தூய்மையாக்குமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம். பொய் வாக்குறுதி பொய்யே. ஆனால் அப்பணம் வீண் ஆடம்பரத்தில் அழியாமல், பெண்களின் அறிவுக்கு வழி திறந்ததையும் மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் தேர்வு நெருங்கும்போது ஞாபக சக்திக்கு என்று டானிக் புட்டிகள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குக் கை நீட்டும் முன், எகாமில் முதலில் சேர்ந்த அந்த 28 பெண்களை நினைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வலிமை தந்தது மாத்திரைப் பெட்டி அன்று. தமக்கென்று ஓர் அறை, நல்ல உணவு, நல்ல ஆசிரியர், நாள்தோறும் படிப்பு, இவையே.