நெய்யை மறுத்த கலீஃபா



உணவில் கட்டுப்பாடு என்றதும் நமக்கு டாக்டரின் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. உமர் (ரலி) அவர்களுக்கு அது வேறு வழியில் வந்தது.

இளமையில் உக்காழ் சந்தையில் மல்யுத்தம் செய்தவர்கள். நெடிய உருவம், வேகமான நடை. கலீஃபாவான பிறகும் இரவுகளில் மதீனாவின் தெருக்களைக் கால்நடையாகவே சுற்றி வந்தார்கள். நாமோ பக்கத்துத் தெரு பள்ளிவாசலுக்கும் பைக்கை எடுக்கிறோம்.

ஹிஜ்ரி 18இல் மழை பொய்த்தது. மண் சாம்பலாகக் கிடந்ததால் அதை ஆமுர் ரமாதா, சாம்பல் ஆண்டு என்றார்கள். கிராமத்து அரபிகள் பசியோடு மதீனாவுக்குத் திரண்டு வந்தார்கள். மக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று உமர் (ரலி) உறுதி பூண்டார்கள். ரொட்டியும் ஜைத்தூன் எண்ணெயும்தான் உணவு. வயிறு இரைந்தது. மக்களுக்கு விடிவு வரும்வரை இதற்கே பழகிக்கொள் என்று தம் வயிற்றிடமே சொன்னார்கள். வெளுத்த மேனி கறுத்துப்போனது.

ஒருமுறை பணியாளர் சந்தையில் நெய்யும் பாலும் 40 திர்ஹத்துக்கு வாங்கி வந்தார். அதிக விலை கொடுத்துவிட்டாய், இரண்டையும் தர்மம் செய்துவிடு என்றார்கள். மக்கள் படும் சிரமம் தம்மைத் தொடாவிட்டால் அவர்களின் நிலை தமக்கு எப்படிப் புரியும் என்றும் கேட்டார்கள். உடல் இளைக்க விட்ட நெய் அல்ல அது.

அந்த நாட்களிலும் உழைப்பு குறையவில்லை. முதுகில் இரண்டு மூட்டை, கையில் எண்ணெய்ப் பாத்திரம். பணியாளர் அஸ்லமும் அவர்களும் மாறி மாறிச் சுமந்து சென்றதை அபூஹுரைரா (ரலி) கண்டு அறிவித்திருக்கிறார்கள்.

பிறகு நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டி துஆ செய்தார்கள். மழை பெய்தது. வந்தவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள்.