மருந்தைத் தெரியும், மனிதரைத் தெரியுமா?

மூட்டுவாதத்திற்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நம் உறுப்பினர் குடும்பங்களில் கணிசமாக இருப்பார்கள். என் சகதர்மிணியும் அவர்களில் ஒருத்தி. பெங்களூரில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு மாத்திரைகள் உண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள் மெதோட்ரெக்சேட், மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம். முதல் மாத்திரையைத் தவறியும் தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று மருந்துக் கடைக்காரரும் சொல்லித்தான் கொடுத்தார். விசேஷம் என்னவென்றால், ஃபோலிக் அமிலம் ஒரு விட்டமின். மெதோட்ரெக்சேட் அந்த விட்டமினின் எதிரி. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதன் எதிரியை உருவாக்கியதும் அமெரிக்காவில் ஒரே ஆய்வுக்கூடம்தான். அதற்குத் தலைமை வகித்தவர் சென்னையில் படித்த நம் பக்கத்துக்காரர், டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் ஜகந்நாதம், தாயார் வேங்கம்மா. ஏழு குழந்தைகளில் நான்காவது பிள்ளை. வறுமை ஒரு பக்கம். பிள்ளைக்குப் படிப்பிலும் அவ்வளவாக நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் காசி யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவரைத் தாயார் பிடித்து இழுத்து வந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான், சென்னை ஹிந்து ஹைஸ்கூலில் படித்துத் தேறினார். பேரப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்துக் கவலைப்படும் தாத்தா பாட்டிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பிரசிடென்சி கல்லூரியில் படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிட விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் அனுமதியின்றி மடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. வைத்தியம் படித்து மடத்து மருத்துவமனைகளில் சேவை செய்யலாமே என்று யோசனை கிடைத்ததால் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும், கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணியில் நுழைய முடியவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியரானார்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பேரிடி விழுந்திருந்தது. ‘ஸ்பிரூ’ என்று ஒரு நோய். குடல் உணவை உறிஞ்ச மறுக்கும், ஓயாத பேதி, இரத்தம் குன்றி ஆள் தேய்ந்துபோவார். சுப்பாராவின் இரண்டு சகோதரர்கள் சில நாட்கள் இடைவெளியில் அதற்குப் பலியானார்கள். அவருக்கே அந்த நோய் வந்து, டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில்தான் பிழைத்தார். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதற்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

1919-ல் சேஷகிரி என்ற பெண்ணோடு திருமணம். படிப்புச் செலவுக்கு உதவியவர் மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி. அவர் திரட்டிய பணமும் காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்யலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தின் உதவியும் சேர, 1922 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் உஷ்ணப் பிரதேச வைத்தியம் படித்தார். எல்.எம்.எஸ். சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லாததால், வயிற்றுப் பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் மலச்சட்டி கழுவினார்.

பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கி என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். உத்தியோகத்தின் ஆரம்ப நாட்களில் நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ‘ஃபிஸ்கி-சுப்பரோ முறை’ என்ற பெயரைத் தினமும் கேட்டிருக்கிறேன். அதில் இரண்டாம் பாதி பீமவரத்துப் பெயர் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. இதே முறையின் துணையோடு 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார்கள். நாம் கையை அசைப்பதற்கும் இதயம் துடிப்பதற்கும் வேண்டிய சக்தியைத் தரும் பொருள் ஏ.டி.பி. அதை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியல்ல. ஃபிஸ்கியோடு சேர்ந்து கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டார். ஆரியோமைசின் என்ற முதல் டெட்ராசைக்ளின் மருந்தைக் கண்டவரும் பெஞ்சமின் டக்கர்தான். அப்போது ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் சுப்பாராவ். உண்மையான பெருமையே ஏராளமாக இருக்கும்போது இரவல் பெருமை எதற்கு?

1930-ல் பி.எச்.டி. கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. தம் பெயரை முன்னிறுத்தத் தெரியாத சுபாவம். அவர் பிரித்தெடுத்திருந்த சில பொருட்கள் வெளியே வராமல் கிடந்து, பல வருஷங்களுக்குப் பிறகு மற்றவர்களால் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன என்றும், அதற்கு ஃபிஸ்கிதான் காரணம் என்றும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குறைபட்டிருக்கிறார். 1940-ல் சுப்பாராவ் நியூயார்க் அருகே பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்திற்குப் போனார்.

இனித்தான் லுகேமியா வருகிறது. ஆனால் அந்தக் கதை பம்பாயிலிருந்து தொடங்குகிறது. அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாரத்தால் குணமாவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1931-ல் எழுதினார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள்தான் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழு 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. ஸ்பிரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்ததும் இரத்தம் ஊறியது. சகோதரர்கள் போய் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூறு நிபுணராக இருந்த சிட்னி ஃபார்பர் ஃபோலிக் அமில வகைப் பொருட்களை லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் அந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும். மருந்து கொடுத்ததும் நோய் குறைவதற்குப் பதில் வேகமெடுத்ததாக ஃபார்பருக்குத் தோன்றியது. விட்டமின் நோயை வளர்க்கிறதென்றால், விட்டமினைத் தடுத்தால் நோய் அடங்க வேண்டுமல்லவா? வெறிகொண்டு பெருகும் இரத்த அணுக்கள் டி.என்.ஏ. செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் போலவே இருக்கும் போலிப் பொருள் ஒன்றைக் கொடுத்தால், பூட்டுக்குள் தவறான சாவி முறிந்து மாட்டிக்கொண்டது போல அணுவின் வேலை நின்றுவிடும். சுப்பாராவின் குழு தயாரித்த அமினோப்டெரின் அப்படிப்பட்ட போலி. ஃபோலிக் அமில மூலக்கூறில் ஹைட்ராக்சில் இருந்த ஓரிடத்தில் அமினோ தொகுதி, வித்தியாசம் அவ்வளவே.

1947 டிசம்பர் கடைசி வாரம் முதல் ஊசி போடப்பட்டது. 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது என்று 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கி, படுத்த படுக்கையாக இருந்த குழந்தை எழுந்து விளையாடியது. நிரந்தர குணமல்ல, சில மாதங்கள்தான். ஆனாலும் மருந்தால் லுகேமியா பின்வாங்கும் என்று உலகம் நம்பியது அன்றிலிருந்துதான். கட்டுரை ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் அவர் காலமானார். வயது 53.

அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை மாதக் கணக்கிலேயே இறந்துபோயிற்று. தகப்பனார் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. சேஷகிரி அம்மாள் அவரைக் கடைசியாகப் பார்த்தது 1922-ல். இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று 1923-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் மனைவியை வரவழைத்துக் குடித்தனம் நடத்துவது ஏறக்குறைய நடவாத காரியம். 1946-ல் சட்டம் மாறியும் அவர் குடியுரிமை பெறாமலே இறந்தார். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கப்பல் ஏறி வர முடியாதா என்று என் மனைவி கேட்டபோது, விஞ்ஞானம் என்ற ஒரு பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளின் பங்கு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் ஏறாது.

கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. யானைக்கால் நோயைச் சிறு வயதில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நோய்க் கிருமி ராத்திரியில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால் சுகாதாரப் பணியாளர்கள் இருட்டிய பிறகு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். அதற்குக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் 1947-ல் சுப்பாராவின் லெடர்லி கூடத்திலிருந்து வந்ததே.

அமினோப்டெரினுக்குப் பதிலாக அதன் சகோதரனான மெதோட்ரெக்சேட் புழக்கத்துக்கு வந்தது. கர்ப்பப்பையில் வரும் ஒரு வகைப் புற்றுநோயை அது மட்டுமே முற்றிலும் குணப்படுத்தியது 1956-ல் தெரிந்தது. குழந்தைகளின் லுகேமியாவில் வேறு மருந்துகளோடு சேர்த்து இரண்டு மூன்று வருஷம் கொடுக்கிறார்கள். வசதியுள்ள நாடுகளில் இன்று நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கின்றன. இங்கே பெங்களூர் ஒசூர் சாலையில் உள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் தலைமுடி உதிர்ந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியூர்ப் பெற்றோர்கள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கலாம். அவர்கள் பையில் இருக்கும் மாத்திரைகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

1995-ல், நூற்றாண்டை ஒட்டி, நமது தபால் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. அதற்கு நாற்பது வருஷம் முன்னதாகவே, அவரோடு வேலை செய்த லெடர்லிக்காரர்கள் ஒரு பூஞ்சைக் காளானுக்கு சுப்பாரோமைசெஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.