ஏழைச் சிறார்க்கு வாழக் கற்பித்த பெஸ்டலாஸி

ஏட்டில் உள்ளதை நெஞ்சிற் பதித்துப் பரீட்சை நாளன்று பிழையின்றி ஒப்பித்தலே கல்வி எனக் கருதுவார் எக்காலத்தும் பலர் உளர். தன் கையால் ஒரு தொழிலைச் செய்யவும், தன் கண்ணால் ஒரு பொருளை உற்று நோக்கி அறியவும், உடன் வாழ்வாரோடு அன்பால் ஒத்து நடக்கவும் வல்லனாகும்படி ஒரு பிள்ளையைப் பழக்குதலே கல்வி எனக் கண்டவர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பெரியார் ஜான் ஹென்ரிக் பெஸ்டலாஸி. தமக்கெனப் பொருள் ஈட்டவும், ஈட்டியதைக் காக்கவும் ஒருநாளும் அறியாத இவர், பிறர் பிள்ளைகளுக்கு வாழும் நெறியைக் கற்பிப்பதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். இவர் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் இவர் கண்முன்னரே தளர்ந்து மறைந்தன. ஆயினும் இவர் பெயர் மறையவில்லை. அதன் காரணம் யாதென ஆராய்தலே இவ்வரலாற்றின் நோக்கமாகும்.

பெஸ்டலாஸி 1746-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி ஜூரிச் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு வைத்தியர். மகனுக்கு ஐந்து வயது நிரம்பியிருந்த 1751-இல் அவர் காலஞ்சென்றார். அவருடைய மரணப் படுக்கையருகே நின்ற பார்பரா ஷ்மிட் என்னும் பணிப்பெண், அக்குடும்பத்தைக் கைவிடுவதில்லை என வாக்களித்து, அவ்வாக்கை இறுதிவரை காத்தாள். தாயும் அப்பணிப்பெண்ணும் சிக்கனத்தோடும் அன்போடும் நடத்திய சிறு இல்லமே பெஸ்டலாஸிக்கு முதற் பள்ளிக்கூடம். பிற்காலத்தில் அன்னையையே ஆசிரியர்க்கெல்லாம் முன்னோடியாக அவர் கொண்டதற்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது. வெளியுலகத்தோடு பழகாது வளர்ந்தமையால், பள்ளித் தோழர் அவரைப் பித்தன்போற் கருதி, ஏளனப் பெயரிட்டு அழைத்து நகைத்தனர்.

விடுமுறை நாட்களில் ஹாங் என்னும் கிராமத்திற் குருவாய் இருந்த பாட்டனாரிடம் செல்வார். பாட்டனார் ஏழைகளின் குடிசைகளுக்குச் செல்லுங்கால் பேரனும் உடன் செல்வான். பசியும் அறியாமையும் நன்மக்களைச் சீர்குலைக்கும் விதத்தை அச்சிறுவன் ஆங்கு நேரிற் கண்டான். வாலிபப் பருவத்தில் ரூஸோ எழுதிய எமீல் என்னும் நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. உழவின் வாயிலாகவே ஏழைகளை உயர்த்தலாகும் எனத் துணிந்து, 1767-இல் பெர்ன் நாட்டுப் பகுதியில் ஒரு பண்ணையில் உழவுத் தொழில் பயின்றார். 1769-இல் தம்மினும் எட்டு ஆண்டு மூத்தவரான அன்னா ஷுல்தெஸ் என்னும் நங்கையை, அவருடைய பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக மணந்துகொண்டார். பிர் என்னும் ஊரருகே நிலம் வாங்கி வீடு கட்டி, அதற்கு நொய்ஹோப், அதாவது புதுப்பண்ணை, எனப் பெயரிட்டார். சிவப்புச் சாயம் தரும் வேர்ப்பயிரை ஆங்குப் பயிரிட்டார், அம்முயற்சி பலிக்கவில்லை.

உழவில் நட்டமடைந்த ஒருவர் செலவைச் சுருக்குதலே உலக வழக்கு. பெஸ்டலாஸியோ 1774-இல் அதே வீட்டை ஏழைச் சிறார்க்கு இல்லமாக்கினார். தெருக்களிற் பிச்சையெடுத்துத் திரிந்த பிள்ளைகளும், குடியானவர் வீடுகளில் அடிமைபோல் உழைத்த அநாதைகளும் ஆங்கு வந்து சேர்ந்தனர். வேனிற்காலத்தில் வயல் வேலை. குளிர்காலத்திற் பருத்தி நூற்றலும் நெய்தலும். கை நூற்கும்போதே வாய் எழுத்தையும் கணக்கையும் பயிலுதல். இதுவே அவருடைய ஏற்பாடு. 1778-இல் 37 பிள்ளைகள் ஆங்கு வாழ்ந்தனர். அவர்களுக்குச் சோறிட்டுக் காப்பாற்றுதல் மட்டும் அவர் கருத்தன்று. தம் கால்களில் நிற்கவும், தம்மைத் தாமே மதிக்கவும் அவர்களைப் பழக்குதலே அவர் கருத்து.

எனினும் அவ்வேற்பாட்டில் ஒரு குறை இருந்தது. அதனை மறைத்துரைத்தல் நேர்மையாகாது. பிள்ளைகளின் உழைப்பு ஈட்டும் ஊதியமே இல்லத்தின் செலவு முழுவதையும் ஈடுசெய்யும் என அவர் நம்பினார். கற்றுக்கொள்ளும் கை கற்றுத் தேர்ந்த கைபோல் ஈட்டமாட்டாது. தடித்த நூலை நன்கு நூற்கப் பழகுமுன் மெல்லிய நூலை நூற்பிக்க விரும்பியது தமது பிழையெனப் பின்னாளில் அவரே தம் நூலில் ஒப்புக்கொண்டார். புத்தாடை உடுத்தவுடன் சில பெற்றோர் வந்து தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். மனைவியின் செல்வமும் கரைந்தது. 1780-இல் இல்லம் மூடப்பட்டது. அண்டை அயலார் அவரை உதவாக்கரை என இகழ்ந்தனர். நண்பர் பலரும் விலகினர்.

அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் அவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டு வறுமையில் வாழ்ந்தார். 1781-இல் வெளிவந்த லீன்ஹார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதை அவருக்குப் புகழ் தந்தது. குடிப்பழக்கத்தில் வீழ்ந்த கொற்றனாகிய கணவனையும் குழந்தைகளையும் ஒரு பெண் தன் பொறுமையாலும் செட்டாலும் கரையேற்றும் வரலாறு அது. அப்பெண் தன் மக்களுக்கு இராட்டினத்தின் அருகிலேயே பாடம் சொல்கின்றாள். அறையின் குறுக்கே நடக்கும் அடிகளை எண்ணச் செய்து கணக்கைத் தொடங்குகின்றாள். மக்கள் அக்கதையைச் சுவைத்தனர். ஆயினும் அதனுள் அடங்கிய கல்வி நெறியைக் கைக்கொண்டார் அரியர். பிரெஞ்சு தேசத்துச் சட்டசபை 1792-இல் அவரைக் கௌரவக் குடியாக்கிச் சிறப்பித்தது. அவர் வேண்டியதோ சிறப்பன்று, கற்பிக்கப் பிள்ளைகள்.

அவ்வாய்ப்பு ஒரு பெருந்துயரின் வழியாக வந்தது. 1798-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் தேதி, புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்த நிட்வால்டன் மக்களைப் பிரெஞ்சுப் படை தாக்கி, ஊர்களை எரித்து, நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. பெற்றோரை இழந்த சிறாரைப் பேணும் பணியை அரசாங்கத்தார் பெஸ்டலாஸியிடம் ஒப்புவித்தனர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. 1799 ஜனவரியில், ஸ்டான்ஸ் நகரத்துக் கன்னியர் மடமொன்றின் ஒரு பகுதியில், வேலை முடியாத அறைகளில் இல்லம் தொடங்கிற்று. ஏறக்குறைய எண்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். சொறி சிரங்கு நிறைந்த உடல், கந்தல் ஆடை, எவரையும் நம்பாத கண்கள்: இவையே அவர்கள் கொணர்ந்த உடைமை. ஒரு வீட்டுக்காரியின் உதவி தவிர வேறு துணை அவருக்கில்லை. அவ்வூரார் கத்தோலிக்கர், இவர் பிராட்டஸ்டண்டு. படையை ஏவிய அரசு அனுப்பிய மனிதர் என்பதாலும் ஊரார் இவரை ஐயுற்றனர்.

அவர் பாடத்தோடு தொடங்கவில்லை. பிள்ளைகளோடு உண்டார், அவர்களோடு உறங்கினார், நோயுற்றாரைத் தம் கையாலேயே கழுவித் துடைத்தார். முதலில் அன்பினால் உள்ளத்தைத் திறத்தல், பின்னர் அவ்வன்பைச் செயலிற் பழக்குதல், இறுதியிலேயே சொல்லால் அறத்தை விளக்குதல் என்பது அவர் ஆங்குக் கண்ட முறை. அறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்குக் கற்பித்தான். 1799 ஏப்ரல் மாதத்தில் அல்ட்டார்ப் என்னும் ஊர் தீக்கிரையாயிற்று. வீடிழந்த சிறார் ஒரு இருபதின்மரை ஏற்கலாமா என அவர் தம் பிள்ளைகளையே கேட்டார். ஏற்பின், உணவு குறையும், வேலை மிகும், ஆடையையும் பகிர்ந்துகொள்ள நேரும் என்பதையும் ஒளிக்காது எடுத்துரைத்தார். முழுவதும் கேட்டபின்னும் அவர்கள் வருக என்றே விடையளித்தனர். சில மாதங்களுக்கு முன் ஒரு ரொட்டித் துண்டிற்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளத்தக்க நிலையில் வந்தவர் இவர்களே. கல்வியின் பயன் இதனினும் மேலாக எப்பரீட்சையில் விளங்கும்?

ஆனால் ஜூன் மாதம் 8-ஆம் தேதி, படையினருக்கு ஆஸ்பத்திரி வேண்டுமென அக்கட்டிடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் கலைந்தனர். பெஸ்டலாஸி இரத்தம் கக்கும் நிலையில் மலைநாட்டு ஊற்றொன்றிற்கு இளைப்பாறச் சென்றார். ஐந்தே மாதங்கள் நடந்த அவ்வில்லமே அவர் வாழ்வின் பொற்காலம் என்பாரும் உளர்.

உடல் தேறியதும், அவர் புர்க்தார்ப் நகரில் ஏழைகளின் பள்ளியொன்றில் சாதாரண உபாத்தியாயராக அமர்ந்தார். அப்பள்ளியை நடத்தியவர் செருப்புத் தைக்கும் தொழிலையும் உடன் செய்தவர். புதியவருடைய முறை பெற்றோர்க்குப் புலப்படவில்லை. வேறொரு சிறுவர் பள்ளிக்கு மாற்றப்பட்டார். எட்டு மாதங்கள் கழித்துச் சோதித்தவர்கள் பிள்ளைகளின் தேர்ச்சி கண்டு வியந்தனர். 1800-இல் அந்நகரக் கோட்டையில் அவருடைய கல்வி நிலையம் எழுந்தது. சொல்லுக்கு முன் பொருள் வேண்டும், விதிக்கு முன் காட்சி வேண்டும், எண்ணும் வடிவும் மொழியும் எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறவேண்டும் என்னும் கொள்கைகளை 1801-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அறிவும் அன்பும் கைத்திறனும் ஒருங்கே வளரவேண்டும். ஒன்று வளர ஏனையவை வாடின் மனிதன் முழுமை பெறான் என்பது அவற்றின் சாரம்.

1805 முதல் 1825 வரை இவர்டன் நகரக் கோட்டை அவருடைய நிலையமாயிற்று. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தனர். அவர்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு நடந்து சென்று நோக்கி, ஆங்கிருந்து களிமண் கொணர்ந்து, தாம் கண்ட நிலத்தின் வடிவை மேசைமீது அமைத்த பின்னரே தேசப்படத்தைப் பார்த்தனர். பிற்காலத்திற் குழந்தைத் தோட்டப் பள்ளியை நிறுவிய பிரோபெல் 1808 முதல் 1810 வரை ஆங்குத் தங்கிப் பயின்றார். பிரஷ்ய அரசாங்கம் தன் இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்பிற்று. 1813-இல் கொன்ராட் நேப் என்பார் அந்நகரிலேயே செவிப்புலன் அற்ற சிறார்க்கு ஒரு பள்ளி கண்டார்.

ஆயினும் செல்வர் பிள்ளைகள் நிறைந்த அக்கோட்டையில் பெஸ்டலாஸியின் உள்ளம் அமைதி பெறவில்லை. அவர் மனம் ஏழைகளையே நாடிற்று. தம் நூல்தொகுதிக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு 1818-இல் கிளிண்டி என்னுமிடத்தில் மீண்டும் ஓர் ஏழைப்பள்ளி தொடங்கினார். அதுவும் தனித்து நிலைக்கவில்லை. மகன் 1801-இலும், ஆருயிர் மனைவி 1815-இலும் மறைந்தனர். உதவியாசிரியர்கள் தம்முட் பகைத்து வழக்காடினர். பிள்ளைகளை ஒற்றுமையாய் வாழப் பழக்கியவரால் ஆசிரியர்களை ஒற்றுமைப்படுத்த இயலவில்லை. 1825-இல் இவர்டனும் மூடப்பட்டது. எழுபத்தொன்பது வயது முதியவராய், முதலில் தோல்வியுற்ற நொய்ஹோப்பிற்கே திரும்பினார். 1827-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17-ஆம் தேதி புரூக் நகரில் இயற்கை எய்தினார். பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1846-இல் ஆங்கு எழுப்பப்பெற்ற நினைவுக்கல், அவர் தொண்டு செய்த ஊர்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவ்வூர்களின் வழியாகவே அவர் வாழ்வைச் சொல்கின்றது.

இனி, இவர் வென்றாரா தோற்றாரா என வினவின் யாது கூறுவது? கணக்கேட்டை மட்டும் புரட்டுவார் தோற்றார் என்பர். ஆனால் 1780-இல் கதவடைத்த அதே நொய்ஹோப்பில் 1914-இல் இடர்ப்பட்ட இளைஞர்க்கு ஓர் இல்லம் திறக்கப்பட்டது. தொழில் கற்று நிமிர்ந்து நிற்க அவர்களைப் பழக்கும் பணி அந்நிலத்தில் மீண்டும் வேரூன்றிற்று. இரண்டாம் உலகப்போரில் அநாதைகளான பல நாட்டுச் சிறார்க்காக 1946-இல் டிரோகன் என்னும் ஊரில் எழுந்த பிள்ளைகள் கிராமமும் அவர் பெயரையே தாங்கிற்று. விதைத்தவன் காணாத விளைவு இது.

நம் கலாசாலையிலிருந்து ஆண்டுதோறும் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு செல்கின்றனர். அவர்கள் வகுப்பிலும் கடைசிப் பலகையில் கந்தலாடையோடு ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும். அப்பிள்ளைக்கு எழுத்தை மட்டும் கற்பித்தல் எளிது. உண்ண, உழைக்க, பகிர்ந்துகொள்ள, தன்னை மதிக்கக் கற்பித்தல் அரிது. அதற்கு முதலில் அப்பிள்ளையின் அருகே சென்று அமரவேண்டும். ஸ்டான்ஸ் நகரத்து மடத்தில் அம்முதியவர் செய்ததும் அதுவே.